திரும்பிப் பார்த்த யாளி

முதல் டிராகனை நான் ரொம்ப லட்சணமாகச் செய்துவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். ஒரே ஒரு ஏ4 தாள். அதில் பச்சை நிறத்தில் உடம்பு, கால், வால், தலை. வெட்டி மடித்து ஒட்டினால் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு குட்டி டிராகன் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்தபடியே நீங்கள் இடம் வலமாக நகர்ந்தால், தலையைத் திருப்பி உங்களையே பின்தொடரும். மோட்டார் இல்லை, காந்தம் இல்லை, நூல் கட்டி இழுக்கிற வேலையும் இல்லை. மகள் எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு வந்து "அப்பா, எனக்கு அது வேணும்" என்றாள். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.

முகத்தை மடிக்கும் கட்டம் வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. மூக்கு உள்ளே போகச் சொல்கிறது, நெற்றி பின்னால் சாயச் சொல்கிறது. படம் போட்டவர் தப்பாகக் குறித்துவிட்டார் என்று நானே தீர்ப்பு சொல்லி, எல்லா மடிப்பையும் மாற்றிப் போட்டு, மூக்கை எடுப்பாக முன்னால் துருத்தவிட்டு ஒட்டினேன். டிராகன் அழகாகத்தான் இருந்தது. டீபாய் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்தது. நான் இடது பக்கம் போனேன், சுவரைப் பார்த்தது. வலது பக்கம் போனேன். அப்போதும் சுவரைத்தான் பார்த்தது. மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கை வெளியே விட்டுட்டியேப்பா" என்றாள்.

அந்த டிராகனின் மொத்த வித்தையும் அதன் முகம் குழிந்திருப்பதில்தான் இருக்கிறது. முகம் என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு பள்ளம். பெட்டியின் மூலையை உள்பக்கமாகப் பார்ப்பதுபோல மூன்று தளங்கள் கூடி, மூக்கு இருக்க வேண்டிய இடம்தான் எல்லாவற்றையும்விடத் தள்ளி, ஆழத்தில் இருக்கும். நம் மூளை அதை ஒத்துக்கொள்வதில்லை. முகம் என்றால் மூக்கு முன்னால்தான் இருக்கும் என்று அடம்பிடித்து, பள்ளத்தை மேடாக்கிக் காட்டுகிறது. அந்த அடம்தான் என்னையும் மடிப்பை மாற்றிப் போட வைத்தது. கண் ஏமாறும் முன்பே என் கை ஏமாந்துவிட்டது.

இந்த டிராகனுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கணித விளையாட்டுகளைப் பற்றிப் பத்தி எழுதியவர் மார்ட்டின் கார்ட்னர். அவரைக் கொண்டாட அமெரிக்காவின் அட்லாண்டாவில் புதிர்ப் பிரியர்களும் மந்திரவித்தைக்காரர்களும் கணித ஆட்களும் கூடுவார்கள். 1998இல் நடந்த கூட்டத்துக்காக ஒரு புதிர் நிறுவனம் செய்த அன்பளிப்புதான் இந்தக் காகித டிராகன். அதற்கு வித்திட்டவர் ஜெர்ரி ஆண்ட்ரஸ். ஒரிகான் மாநிலத்தில் வாழ்ந்த மந்திரவித்தைக்காரர். தன் வீட்டையே கண்கட்டு வித்தைக் கூடம்போல வைத்திருந்தவர். 2007இல் காலமானார். கார்ட்னர் 2010இல். அவர்கள் விட்டுப்போன பச்சைக் குட்டி மந்தைவெளியில் என் டீபாய் மேல் மூக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இதைப் படிக்கும்போதே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு டிராகனெல்லாம் வேண்டாம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும். எந்தப் பரணிலும் பத்து இருக்கும். கெட்டியான அட்டையாகப் பார்த்து விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டி, நடுவில் ஒரு மடிப்பு. கூரை மாதிரி மேஜையில் கவிழ்த்து வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் மேலிருந்து மடிப்பையே உற்றுப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பொறுமை வேண்டும். திடீரென்று கூரை எழுந்து, விரித்துவைத்த புத்தகம்போல நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையைக் கலைக்காமல் தலையை மெதுவாக இடம் வலமாக ஆட்டினால், அட்டைக்கு உயிர் வந்ததுபோல நெளியும். இதை எழுதிவைத்தவர் எர்ன்ஸ்ட் மாக். ஒலியைவிட வேகமாகப் போகிற விமானங்களுக்கு 'மாக் 2' என்று கணக்குச் சொல்கிறோமே, அந்த மாக்தான். 19ஆம் நூற்றாண்டு ஆசாமி. எனக்கு இந்த அட்டை மூன்றாவது நாள்தான் எழுந்து நின்றது. மகளுக்கு முதல் நிமிடத்திலேயே.

சரி, ஏன் திரும்புகிறது? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். நீங்கள் வலது பக்கம் போகும்போது, கிட்டத்தில் இருக்கிற மின்கம்பம் தூரத்து மரத்தோடு ஒப்பிட்டால் இடது பக்கம் ஓடும். தூரத்து மரம் உங்களோடு கூட வருவதுபோல இருக்கும். குழிந்த முகத்தில் மூக்குதான் தூரத்து மரம், முகத்தின் விளிம்புதான் மின்கம்பம். நீங்கள் வலது பக்கம் போனால், விளிம்போடு ஒப்பிட மூக்கும் வலது பக்கம் வரும். ஆனால் மூளை, மூக்கு முன்னால் இருப்பதாக ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது. முன்னால் இருக்கிற மூக்கு நம்மோடு கூட வருகிறதென்றால் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான்: முகம் திரும்புகிறது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். கணக்கு பிசகாமல் வருகிறது.

சுவரில் மாட்டிய சாமி காலண்டர் எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிறதே, அது வேறு கதை. படம் தட்டை. எந்தப் பக்கம் போனாலும் கருவிழி கண்ணின் நடுவிலேயே இருக்கும், அதனால் பார்வை நம்மை விடாது. அங்கே முருகன் கண்ணால் மட்டும்தான் பார்க்கிறார். குழிமுகம் ஒரு படி மேலே போய்க் கழுத்தையே திருப்பும்.

இரண்டு கண்ணாலும் கிட்டத்திலிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டும் சற்றே வேறுவேறு படங்களை அனுப்ப, அந்த வித்தியாசத்திலிருந்து மூளை ஆழத்தைக் கணக்கிட்டு, இது பள்ளம்தான் என்று கண்டுபிடித்துவிடும். தூரம் கூடக்கூட அந்த வித்தியாசம் வேகமாகத் தேய்ந்துபோகும். அதனால் எட்டு பத்து அடி தள்ளி நிற்க வேண்டும், அல்லது ஒரு கண்ணை மூட வேண்டும். கேமராவுக்கு ஒரே கண் என்பதால் மொபைலில் எடுத்தால் இன்னும் பிரமாதம். மூக்கை உள்ளே விட்டு ஒழுங்காக மடித்த இரண்டாவது டிராகனை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "கிராபிக்ஸ்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு சித்தப்பா "காலை வணக்கம்" என்று ரோஜாப்பூ போட்டார்.

இரண்டாவது டிராகனுக்கும் ஆயுள் கம்மி. சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை), புரட்டாசி மாதத்துச் சென்னைக் காற்று. காலையில் நிமிர்ந்திருந்த கழுத்து சாயந்திரம் தொங்கிவிட்டது. குழிமுகம் கொஞ்சம் தளர்ந்து வளைந்தாலும் போதும், மாயம் போய்விடும். அப்போதுதான் பெரிய மாமாவுக்குப் போன் செய்தேன்.

மாமா திருவல்லிக்கேணியில் நாற்பது வருஷத்துக்கு மேல் பைண்டிங் கடை வைத்திருந்தவர். கணக்கு நோட்டு, வக்கீல் வீட்டுப் புத்தகங்கள், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கி, ஸ்டேஷன் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். தொய்ந்துபோன டிராகனை விரலால் தட்டிப் பார்த்தார்.

"பேப்பர் நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாமா மேஜை மேலிருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீளவாட்டில் கிழித்தார். நூல் பிடித்ததுபோலக் கிழிந்தது. குறுக்கே கிழித்தார், கோணல்மாணலாகப் போனது. நேராகக் கிழிகிற பக்கம்தான் நார் ஓடும் பக்கம். இன்னொரு துண்டின் ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் தொட்டுத் தடவினார். அது குழலாகச் சுருண்டது. குழலின் நீளம் எந்தத் திசையோ, அதுதான் நாரின் திசை. நாரோடு சேர்ந்து மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் கெட்டி அட்டை வெடித்து நார் வெளியே தெரியும். உயரமாக நிற்க வேண்டிய பாகத்துக்கு நார் மேலும் கீழுமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்றில் தலை சாயும். "பசையைத் தாராளமா தடவாதே. தண்ணி குடிச்சா பேப்பர் திமிரும்" என்றார். அவர் கடையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சின மைதாப் பசைதான். பூச்சி அரிக்காது. எனக்கு ஃபெவிகாலே போதும், ஆனால் விரலால் அல்ல, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் மெல்லிசாக இழுக்க வேண்டும்.

மறுநாள் பாரிமுனைக்குப் போனோம். ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் பேர்போன தெரு அது. 220 ஜிஎஸ்எம்மில் பளபளப்பில்லாத அட்டை கேட்டோம். பளபளப்பு கூடாது, அட்டை மினுக்கினால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது தெரிந்து, பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். மாமா ஒவ்வொரு தாளையும் இரண்டு வாட்டிலும் லேசாக வளைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறது என்று கை சொல்லிவிடும். கடைப்பையன் அவரைப் பார்த்த மாத்திரத்தில் தொழில்காரர் என்று கண்டுகொண்டு நாற்காலி போட்டான். எனக்குப் போடவில்லை.

இதற்குள் மகள் மனசு மாறியிருந்தாள். டிராகன் வேண்டாம், யாளி வேண்டும், அதுவும் கொலுவில் வைக்க வேண்டும். நல்ல யோசனைதான். கோயில் தூணில் முன்னங்காலைத் தூக்கி நிற்கிற யாளி இருக்கும்போது நாம் ஏன் டிராகனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? முதலில் துதிக்கையோடு கூடிய யானைமுக யாளியை வரைந்தேன். அது நடக்காது என்று செய்த பிறகுதான் புரிந்தது. துதிக்கை முன்னால் நீள்வதாகத் தெரிய வேண்டுமானால், அட்டையில் அது பின்னால் நீளும் ஒரு சுரங்கமாக இருக்க வேண்டும். ஆழமான சுரங்கத்தின் உள்பக்கத்தை அதன் விளிம்பே மறைத்துவிடும். ஒரு அடி நகர்ந்தாலே பாதித் துதிக்கை காணாமல் போகும். முன்னால் இருக்கிற பொருளை அதன் பின்னால் இருக்கிற பொருள் மறைக்காது என்பது மூளைக்கு நன்றாகத் தெரியும். அங்கே அது ஏமாறாது.

ஆக, சிம்ம யாளி. முகம் 15 சென்டிமீட்டர் அகலம், ஆழம் 5க்கு மேல் இல்லை. நெற்றிக்கு ஒரு தளம், கன்னத்துக்கு இரண்டு, மோவாய்க்குச் சின்னதாக ஒன்று. பிதுங்கின கண்ணும் கோரைப்பல்லும் மடிப்பு கிடையாது, வெறும் வரைதல். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் மடிப்பு கோட்டை விட்டு நகராது. அப்புறம், நிழல். நாம் பிறந்ததிலிருந்து வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. சூரியனும் டியூப் லைட்டும் மேலேதான். அதனால் புருவத்துக்குக் கீழே, மூக்குக்குக் கீழே, முகம் உண்மையிலேயே துருத்தியிருந்தால் எங்கெங்கே நிழல் விழுமோ அங்கெல்லாம் பென்சிலால் தேய்த்தேன். இந்தப் பொய்நிழல்தான் பாதி வேலையைச் செய்கிறது. சேராத இடத்தில் தானாக விழுகிற நிஜ நிழல் அந்த வேலையைக் கெடுத்துவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே யாளி வெறும் அட்டைப் பள்ளமாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கொலு வைத்த அன்று அது தானாகவே சரியாயிற்று. ஐந்து படி. யாளி மூன்றாவது படியில், மரப்பாச்சிக்குப் பக்கத்தில். விளக்கேற்றியதும் மனைவி டியூப் லைட்டை அணைத்தாள். கீழே தரையில் குத்துவிளக்கு. வெளிச்சம் கீழிருந்து மேலே போனது. பள்ளத்துக்குக் கீழிருந்து வருகிற வெளிச்சமும் மேட்டுக்கு மேலிருந்து வருகிற வெளிச்சமும் கண்ணுக்கு ஒன்றுதான்; இரண்டிலும் மேல்பகுதி பிரகாசமாக இருக்கும். பென்சில் நிழலும் விளக்கு நிழலும் ஒன்றோடொன்று பொருந்தி, யாளி முகம் படியை விட்டு வெளியே வந்தது. சுண்டல் கிண்ணத்தோடு நான் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தேன். அது என்னையே பார்த்தது, போகும்போதும் வரும்போதும்.

மாமாவை மூன்றாம் நாள் கூப்பிட்டிருந்தோம். அவரிடம் அட்டை, பசை, நார் எல்லாம் பேசியிருந்தோமே தவிர, யாளி என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. மகளின் ஏற்பாடு. எதிர்ச்சுவர் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்தவர் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு கொலுவைப் பார்த்தார். அப்படியே நிறுத்தினார்.

"அந்தச் சிங்கத்துக்குள்ள மோட்டார் வெச்சிருக்கியா?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நான் பெருமையோடு, "இல்ல மாமா, ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க, இன்னும் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு மூடறதுக்கு என்னடா இருக்கு?" என்றார் மாமா.

அவருக்கு ஒன்பது வயதில் கிட்டிப்புள் பட்டு இடது கண் போனது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்து தெரிந்து மறந்துபோன சங்கதி. அவர் ஊசியில் நூல் கோத்ததை, தாள்கட்டை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதை எப்படிச் செய்தார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

மாமா எழுந்து கொலுவை நோக்கி நடந்தார். எங்களுக்கெல்லாம் நாலு அடி நெருங்கினால் முகம் சட்டென்று பள்ளமாகிவிடும். அவருக்கு ஆகவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே போனார். அந்தத் தலையாட்டலை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். எதையாவது கூர்ந்து பார்க்கும்போது அவருக்கு இருக்கிற பழக்கம், மேனரிசம் என்றே நினைத்திருந்தேன். அவர் ஆட்ட ஆட்ட யாளியும் ஆட்டிக்கொண்டிருந்தது. முழங்கை தூரத்தில் நின்று, மூக்கைத் தொட விரலை நீட்டினார். விரல் மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், இன்னும் உள்ளே போனது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"குழிடா இது!"

பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். காபி ஆறிவிட்டிருந்தது. "தலையை ஆட்டித்தான்டா கிட்ட எது, எட்ட எதுன்னு பார்ப்பேன். கிட்ட இருக்கிறது ஜாஸ்தி நகரும். கண்ணு போன வருஷமே யாரும் சொல்லாம நானே கத்துக்கிட்டது" என்றார். எந்த வித்தையை வைத்து இத்தனை வருஷம் தொழில் செய்து, சைக்கிள் ஓட்டி, மவுண்ட் ரோட்டைக் கடந்தாரோ, அந்த வித்தையின் நேர் நரம்பில் கை வைத்திருந்தது என் அட்டைச் சிங்கம். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. நாலைந்து தடவை எழுந்து போய்த் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வந்திருந்த பக்கத்து வீட்டு மாமிகளை இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தார்.

மூளையும் கையும் எப்போதும் ஒன்றாக ஏமாறுவதில்லை என்று ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. சார்லி சாப்ளின் முகமூடியைச் சுற்றவிட்டு இந்தக் குழிமுக மாயத்தை உலகத்துக்கே பிரபலமாக்கிய பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியும், மூளை ஆராய்ச்சியாளர் மெல்வின் குடேல் முதலானவர்களும் 2006இல் வெளியிட்டது. குழிந்த முகத்தில் சின்னதாக ஒரு பொருளை ஒட்டி, அதை விரலால் சட்டென்று சுண்டச் சொன்னார்கள். கண்ணுக்கு முகம் மேடாகத் தெரியும்போதே, வேகமாகச் சுண்டிய விரல் உண்மையான ஆழத்துக்குப் போனது. மெதுவாகச் சுட்டச் சொன்னால் விரலும் ஏமாந்த இடத்துக்கே போனது. இதை மகளிடம் சொன்னது என் தப்பு. மறுநாளே யாளி நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு, "தாத்தா, யோசிக்காம சட்டுனு சுண்டுங்க" என்றாள். எங்கள் வீட்டில் முடிவு அவ்வளவு சுத்தமாக வரவில்லை. முதல் சுண்டு காற்றில் போனது, இரண்டாவது பொட்டில் பட்டது, மூன்றாவது மோவாயைப் பெயர்த்துவிட்டது. ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். மெல்லிசாக.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். யாளியைச் சுற்ற முடியாது, அழுத்தினால் நசுங்கிவிடும். டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். அன்று மத்தியானம் சாப்பிட வந்த மாமா, ரசம் பிசைந்துகொண்டிருந்தவர் பாதியில் நிமிர்ந்தார்.

"அதைக் கொஞ்சம் சுவர்ப் பக்கமா திருப்பி வையேன். இலையில என்ன இருக்குன்னு எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கு."